பேட்டரிக்கு உடம்பு சரியில்லாத நாள்

கூச்சப்படுகிறவனுக்கு இந்த உலகத்தில் உள்ள பெரிய கஷ்டம், எல்லாவற்றையும் அவனே கண்டுபிடிக்க வேண்டியிருப்பதுதான். மற்றவர்கள் வாய் திறந்து கேட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். இவன் கேட்க மாட்டான். பஸ் எங்கே போகிறது என்று கண்டக்டரிடம் கேட்பதற்குப் பதிலாக, ஏறி உட்கார்ந்து, அது எங்கே போய் நிற்கிறது என்று பார்த்துத் தெரிந்துகொள்வான். நான் அப்படி ஒருமுறை துறையூர் போய் இறங்கியிருக்கிறேன். (போக வேண்டியது அரியலூர்.)

பஸ்ஸோடு போயிருந்தால் நஷ்டம் எனக்கு மட்டும்தான். ஒரு சாவு வீட்டையே நிறுத்தி வைக்கும் அளவுக்கு என் கூச்சம் வளரும் என்று நான் நினைக்கவில்லை.

எங்கள் மருமகன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும்போது, தன் எலெக்ட்ரிக் காரைப் பெரம்பலூரில் எங்கள் வீட்டு வாசலில் விட்டுவிட்டுப் போனார். "சும்மா நின்னா கெட்டுப்போயிடும் மாமா, ஓட்டிக்கிட்டே இருங்க" என்றார். தலையை ஆட்டினேன். நான் அதுவரை ஓட்டியதெல்லாம் எறையூர் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் டிராக்டர். டிராக்டர் கிளம்பினால் பக்கத்து ஊருக்குக் கேட்கும். இந்தக் கார் கிளம்பினால் உள்ளே உட்கார்ந்திருப்பவனுக்கே கேட்காது. ஆரம்பத்தில், வண்டி உயிரோடு இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். என் மனைவி மல்லிகா, "ஆயிடுச்சுங்க, போங்க" என்று சொன்ன பிறகுதான் நகர்த்துவேன். வண்டிக்கும் எனக்கும் நல்ல பொருத்தம் என்பாள். இரண்டுமே வாயைத் திறக்காதாம்.

ஆனால் ஒருநாள் வண்டி வாயைத் திறந்தது.

வெயில் ஏறத் தொடங்கிய சமயம். ஸ்டியரிங்குக்கு முன்னால் மஞ்சளாக ஒரு விளக்கு எரிந்தது. பக்கத்தில் ஆங்கிலத்தில் ஏதோ எழுத்து ஓடியது. எழுத்துக் கூட்டிப் படித்தேன். பேட்டரி என்பது புரிந்தது. ஹெல்த் என்பது புரிந்தது. மிச்சம் புரியவில்லை. புரிந்தவரை போதுமானதாக இருந்தது. பேட்டரிக்கு உடம்பு சரியில்லை.

உடம்பு சரியில்லை என்றால் முதலில் தொட்டுப் பார்ப்பதுதானே வழக்கம்? பானெட் மேல் கையை வைத்துப் பார்த்தேன். சுட்டது. (பெரம்பலூர் வெயிலில் நிற்கும் எதைத் தொட்டாலும் சுடும் என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.) பானெட்டைத் திறந்தேன். உள்ளே எனக்குத் தெரிந்தது ஒன்றுமில்லை. ரேடியேட்டர் எங்கே, பெல்ட் எங்கே என்று கண்கள் தேடின. ஒரு மூலையில், பெரிய பெட்டிகளுக்கு நடுவில் ஒடுங்கிக்கொண்டு, சின்னதாக ஒரு பேட்டரி இருந்தது. சாதாரண பேட்டரி. வெளியூர்க் கல்யாணத்தில் தெரியாத முகங்களுக்கு நடுவே சொந்த ஊர்க்காரனைப் பார்த்த மாதிரி எனக்குத் தெம்பு வந்தது.

டிராக்டர் பேட்டரிக்கு என்ன வைத்தியமோ அதையே செய்தேன். முனைகளில் வெள்ளையாகப் பூத்திருந்ததை வெந்நீர் ஊற்றிக் கழுவினேன். துடைத்துத் தேங்காய் எண்ணெய் தடவினேன். வண்டியை எடுத்தால், மஞ்சள் விளக்கு போய்விட்டிருந்தது! அன்றைக்கு நான் இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன். "என்னங்க, இன்னிக்கு மொகத்துல வெளிச்சம்?" என்று மல்லிகா கேட்டாள். சொல்லவில்லை.

கொஞ்ச நாளில் விளக்கு திரும்பி வந்தது. இந்த முறை எனக்கே பயமாக இருந்தது. கார் கம்பெனியின் உதவி எண்ணுக்குப் போன் செய்தேன். ஒரு பெண் குரல், "வணக்கம் சார், உங்களுக்கு எப்படி உதவலாம்?" என்று அவ்வளவு மரியாதையாகக் கேட்டது. அந்த மரியாதைக்கு என்ன பதில் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோதே வியர்த்துவிட்டது. வைத்துவிட்டேன். அந்தப் பெண் திரும்பக் கூப்பிட்டார். அதையும் எடுக்கவில்லை.

மகளும் மருமகனும் வீடியோவில் பேசும் ஞாயிற்றுக்கிழமை வந்தது. வண்டியைக் கெடுத்துவிட்டேன் என்று மருமகன் நினைத்துவிடக் கூடாது. அதனால் விளக்கைப் பற்றி மூச்சு விடாமல், சும்மா கேட்பது போல், "இந்த வண்டியில பேட்டரி எங்க இருக்குங்க?" என்றேன்.

"அடியில மாமா. நீங்க உக்கார்ற எடத்துக்குக் கீழ, தரை முழுக்க அதான். வண்டிய ஓட்டறதே அதான் மாமா. அது போச்சுன்னா வண்டியே போன மாதிரி."

அப்படியானால் முன்னால் இருக்கும் அந்தச் சின்ன பேட்டரி எதற்கு என்ற கேள்வி என் தொண்டைவரை வந்தது. அதற்குள் மல்லிகா போனை வாங்கிக்கொண்டு, பேத்திக்குப் பல் முளைத்துவிட்டதா என்று விசாரிக்கத் தொடங்கிவிட்டாள். பல் பேச்சில் பேட்டரியைக் கொண்டுவந்து நுழைக்க எனக்குக் கூச்சமாக இருந்தது. கேள்வியை விழுங்கிவிட்டேன்.

ஆகவே நோயாளி நான் நினைத்த ஆள் இல்லை என்று முடிவு செய்தேன். இத்தனை நாள் தேங்காய் எண்ணெய் தடவியது தவறான உடம்புக்கு. படுத்திருப்பது தரைக்கு அடியில் இருக்கும் பெரியவர். பெரியவருக்கு முடியாதபோது என்ன செய்வோம்? வேலை கொடுக்க மாட்டோம். ஏசி போடுவதை நிறுத்தினேன். பாட்டை நிறுத்தினேன். மெதுவாக ஓட்டினேன். வேப்பமர நிழலாகப் பார்த்து நிறுத்தினேன். வண்டிக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சிகூடக் கொடுத்திருப்பேன்.

அப்படி நான் பத்தியம் காத்துக்கொண்டிருந்த ஒரு காலையில்தான் மல்லிகாவின் அத்தை அஞ்சலை இறந்துபோன செய்தி வந்தது.

அஞ்சலை அத்தை என் மாமனாரின் ஒரே தங்கை. ஏலாக்குறிச்சிக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் வாழ்க்கைப்பட்டவர். மாமனார் இருப்பது அரும்பாவூர். இரண்டுக்கும் நடுவே பெரம்பலூர், அரியலூர் என்று இரண்டு ஜில்லாக்கள் கிடக்கின்றன. அந்தக் காலத்தில் பஸ் மாறி, பஸ் மாறி, தங்கை வீட்டுக் காதுகுத்து, கல்யாணம் எதுவானாலும் மாமனார் பந்தி முடிந்து இலை எடுக்கும்போதுதான் போய்ச் சேர்வாராம். கடைசியாகப் பார்த்தபோது அத்தை சிரித்துக்கொண்டே, "எஞ்சாவுக்காச்சும் நேரத்தோட வாண்ணே" என்று சொல்லியிருக்கிறார்.

எங்கள் பக்கத்தில் கல்யாணமான பெண் இறந்துபோனால் அவளுக்குப் பிறந்த வீட்டிலிருந்து புதுச்சேலை வர வேண்டும். பிறந்த வீட்டுக் கோடி என்று பெயர். அதைப் போர்த்தாமல் பாடையைத் தூக்க மாட்டார்கள். எவ்வளவு நேரமானாலும் காத்திருப்பார்கள். ஆனால் பொழுது சாய்வதற்குள் தூக்கியாகவும் வேண்டும். அதாவது, பிறந்த வீட்டுக்காரர்கள் தாமதமாக வந்தால் ஊரே வாசலில் உட்கார்ந்து சூரியனையும் தெருமுனையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்கும்.

மாமனார் போனில் பேசினார். அழவில்லை. "நான் பஸ்ல கெளம்புறேன்" என்றார். மல்லிகா விடவில்லை.

"எதுக்குப்பா பஸ்ஸு? வூட்டுல கார் இருக்கு. அவரு ஓட்டியாருவாரு. இந்தத் தடவ நேரத்தோட போயிடலாம்."

பேட்டரிக்கு உடம்பு சரியில்லை என்று அப்போது சொல்லியிருக்க வேண்டும். அழுதுகொண்டிருக்கிற மனைவியிடம் எப்படிச் சொல்வது? சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

அரும்பாவூர் போய் மாமனாரையும் மல்லிகாவின் தம்பி பாலுவையும் ஏற்றிக்கொண்டோம். பாலு சாவு வீட்டிலும் வாயை அடக்க முடியாதவன். மாமனார் நேர் எதிர். நானும் அவரும் சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசியதில்லை. "வாங்க மாப்ள", "வரேன் மாமா", "சாப்பிடுங்க மாப்ள", "ஆச்சு மாமா." என் கல்யாணத்திலிருந்து இதுதான் எங்கள் உறவு. எங்களுக்குள் ஒரு சண்டையும் வந்ததில்லை. வருவதற்கு வார்த்தை வேண்டுமே.

பெரம்பலூரில் கடைவீதிக்குப் போய்க் கோடி எடுத்தோம். மாமனாரே பார்த்துப் பார்த்து ஓர் அரக்குச் சேலை எடுத்தார். தங்கைக்கு அரக்கு பிடிக்குமாம். தாம்பாளத்தில் சேலை, மாலை, மஞ்சள், குங்குமம், எண்ணெய், சீயக்காய் எல்லாம் வைத்து, அதை மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் உட்காரப் போனார். எனக்கு அன்றைக்கென்று மரியாதை பொங்கியது.

"மடியில வெச்சிருந்தா சிரமம் மாமா. டிக்கியில வெச்சிடறேன்."

"பரவால்ல மாப்ள."

"இல்ல மாமா, குடுங்க."

வாங்கிப் பத்திரமாக டிக்கியில் வைத்து மூடினேன். நான் மாமனாரிடம் வற்புறுத்திச் சாதித்த முதல் காரியம் அது.

வண்டியை எடுத்தேன். மஞ்சள் விளக்கு எரிந்தது. சார்ஜ் முக்கால்வாசிக்கு மேல் இருந்தது. ஆனால் வயிறு நிறைந்திருப்பதால் ஒருவருக்கு உடம்பு நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லையே. ஒன்றும் சொல்லாமல் ஏசியை அணைத்துக் கண்ணாடிகளை இறக்கினேன். சித்திரை மாத வெயில் உள்ளே வந்து எங்களோடு உட்கார்ந்தது.

"ஏன் மச்சான், ஏசி இல்லையா?" என்றான் பாலு.

"காத்து வருதுல்ல" என்றேன்.

"வருது மச்சான். அடுப்ப ஊதற மாதிரி வருது."

மாமனார் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் கேட்டிருந்தால்கூடச் சொல்லியிருப்பேன். அவரும் மாப்பிள்ளையிடம் கேட்கக் கூச்சப்பட்டார். ஒரு காரில் இரண்டு கூச்சக்காரர்கள் முன் சீட்டில் இருந்தால் பின்னால் இருப்பவர்கள் வேக வேண்டியதுதான்.

அரியலூரை நெருங்கும்போது முன்னால் ஒரு சுண்ணாம்புக்கல் லாரி மாட்டியது. அதன் பின்னாலிருந்து தூள் பறந்தது. முந்திப் போகலாம், சாலை காலியாகத்தான் இருந்தது. ஆனால் முந்துவதற்கு வேகம் வேண்டும். உடம்பு முடியாத பெரியவரை ஓடச் சொல்வதா? லாரியின் பின்னாலேயே போனேன். லாரி மெதுவாகப் போனால் நானும் மெதுவாகப் போனேன். லாரிக்காரர் கையைக் காட்டி முந்திப் போகச் சொன்னார். நான் கையைக் காட்டிப் பரவாயில்லை என்றேன்.

"மச்சான், அந்த லாரி சிமென்ட் பேக்டரிக்குப் போவுது. நாமளும் அங்கியா போறோம்?" என்றான் பாலு.

மல்லிகாவின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. அத்தையின் மகன் ராசேந்திரன். (முறைப்படி பார்த்தால் மல்லிகாவைக் கட்டியிருக்க வேண்டியவர். ஏன் கட்டவில்லை என்று நான் இதுவரை கேட்டதில்லை.) "எங்க வரீங்க? இன்னும் எவ்ளோ தூரம்?" என்று ஒவ்வொரு முறையும் அவர் குரல் தேய்ந்துகொண்டே வந்தது. மாமனார் மடியில் வெறுங்கைகளை வைத்துக்கொண்டு சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கும்போது நாங்கள் நால்வரும் சுண்ணாம்பு அடித்த சுவர் போல் இருந்தோம்.

கோடி கொண்டு போகிறவர்கள் நேராகச் சாவு வீட்டுக்குள் போகக் கூடாது. ஊர் எல்லையில் நிற்க வேண்டும். மேளக்காரர்கள் வந்து அடித்து அழைத்துப் போவார்கள். அந்த ஊருக்கு எல்லை, ஏரிக்கரை. சாலை கரைமேல் ஏறி, அங்கிருந்து சரிவாக ஊருக்குள் இறங்குகிறது. இறக்கத்தின் முடிவில் பந்தல் தெரிந்தது. சூரியன் பனைமர உயரத்துக்கு வந்திருந்தது. நான் கரையின் உச்சியில், ஊரைப் பார்த்தாற்போல் வண்டியை நிறுத்தினேன்.

ஏன் அங்கே நிறுத்தினேன் என்பதைச் சொல்ல வேண்டும். பேட்டரி சரியில்லாத டிராக்டரை எந்த டிரைவரும் சமதரையில் நிறுத்த மாட்டான். இறக்கமாகப் பார்த்து நிறுத்துவான். கிளம்ப மறுத்தால் உருட்டிவிட்டுக் கியரைப் போட்டால் கிளம்பிவிடும். இத்தனை வருடப் பழக்கம், கை தானாகச் செய்தது.

இன்னொரு பழக்கமும் உண்டு. எறையூர் ஆலை வாசலில் கரும்பு வண்டிகள் வரிசையில் நின்றால் எப்போது உள்ளே விடுவார்கள் என்று சொல்ல முடியாது. அதுவரை பேட்டரி இறங்கிவிடாமல் இருக்க, ஒரு பக்க ஒயரைக் கழற்றி வைப்போம். பேட்டரி ஓய்வெடுக்கட்டும் என்று. மேளக்காரர்கள் வருவதற்குள் நான் பானெட்டைத் திறந்தேன். பெரியவர் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கிறார். எட்டுவது சின்னவர்தான். இவருக்கு ஓய்வு கொடுத்தால் அவருக்கும் கொஞ்சம் போய்ச் சேரும் என்று தோன்றியது. டிராக்டர் காலத்து ஸ்பேனர் ஒன்று எப்போதும் என்னிடம் இருக்கும். ஒயரைப் பேட்டரியோடு பிடித்து வைத்திருக்கும் கிளாம்பில் போட்டு ஒரு திருப்புத் திருப்பினேன்.

கிளாம்பு உடைந்து கையோடு வந்துவிட்டது.

சுற்றும்முற்றும் பார்த்தேன். யாரும் பார்க்கவில்லை. கிளாம்பைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பானெட்டை மூடினேன்.

அந்த நேரம் பார்த்து மேளம் கேட்டது. மேளக்காரர்கள் சரிவில் ஏறி வந்து எங்களைச் சுற்றி நின்று அடிக்க ஆரம்பித்தார்கள். மாமனார் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு டிக்கிக்கு முன்னால் போய் நின்றார்.

"தொறங்க மாப்ள."

"தொறக்கறேன் மாமா."

பொத்தானை அழுத்தினேன். திறக்கவில்லை. சாவியை அழுத்தினேன். திறக்கவில்லை. இந்த டிக்கிக்குச் சாவித் துளையே இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். எல்லாம் கரண்ட். அந்தக் கரண்ட் எங்கிருந்து வருகிறது என்பது என் சட்டைப்பைக்குத் தெரியும்.

"என்ன மச்சான், பூட்டிக்கிச்சா?" என்றான் பாலு.

"இல்ல… தூங்குது."

"தூங்குதா? இத்தன மேளத்துக்கு எந்திரிக்காதது இனிமே எப்ப மச்சான் எந்திரிக்கப் போவுது?"

பானெட்டை மறுபடி திறந்து, கிளாம்பை எடுத்து இருந்த இடத்தில் வைத்து அழுத்திப் பார்த்தேன். விளக்கு ஒருமுறை கண் சிமிட்டிவிட்டுப் போய்விட்டது. கோடி கையில் ஏறாமல் மேளத்தை நிறுத்தக் கூடாது என்பதால் மேளக்காரர்கள் அடித்துக்கொண்டே இருந்தார்கள். ஒருவர் அடித்துக்கொண்டே என் பக்கம் குனிந்து, "அண்ணே, கொஞ்சம் சீக்கிரம்ணே, கை வலிக்குது" என்றார்.

மல்லிகாதான் வழி கண்டாள். பின் சீட்டை மடித்துவிட்டால் உள்ளே இருந்தபடியே டிக்கிக்குள் போகலாம். பாலு புகப் போனான். மாமனார் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"எந்தங்கச்சி கோடிய நாந்தான்டா எடுப்பேன்."

எழுபது வயதைத் தாண்டியவர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பின் கதவு வழியாகத் தலையை நுழைத்து, மடித்த சீட்டின் மேல் தவழ்ந்து டிக்கிக்குள் போனார். கொஞ்ச நேரத்தில், "கெடச்சிருச்சு" என்ற குரல் கேட்டது. அப்புறம், "வேட்டி மாட்டிக்கிச்சு" என்ற குரல் கேட்டது. சீட்டுக் கொக்கியில் வேட்டி சிக்கியிருந்தது. கையில் தாம்பாளம். திரும்ப இடமில்லை. தாம்பாளத்தைக் கீழே வைக்கவும் அவர் ஒத்துக்கொள்ளவில்லை. வேட்டியைக் கிழிக்கவும் ஒத்துக்கொள்ளவில்லை.

ராசேந்திரன் மூச்சு வாங்க மேட்டில் ஏறி வந்தார். பின்னால் ஊர்க்காரர்கள் ஒரு கூட்டம்.

"பொழுது சாயப்போவுது. எங்க எங்க மாமா?"

டிக்கிக்குள்ளிருந்து பதில் வந்தது. "இந்தா இருக்கேன்டா."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அவ்வளவு பேர் என்னைப் பார்த்தது என் கல்யாணத்துக்குப் பிறகு அதுதான் முதல் முறை. ஏதாவது சொல்லியாக வேண்டும். என் வாயில் டிராக்டர் வந்தது.

"எறக்கந்தாண்ணே. தள்ளி வுட்டா ஸ்டார்ட் ஆயிடும்."

அதிகம் பேசாதவன் ஒன்றைச் சொன்னால் அது சரியாகத்தான் இருக்கும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. யாரும் மறுபேச்சுப் பேசவில்லை. துண்டுகளை இறுக்கிக் கட்டிக்கொண்டு வண்டியின் பின்னால் கை வைத்தார்கள். நான் ஏறி உட்கார்ந்து கைபிரேக்கை எடுத்தேன்.

எலெக்ட்ரிக் காரைத் தள்ளினால் ஸ்டார்ட் ஆகாது. அதைத் தள்ளுவதும் ஒன்றுதான், மின்விசிறியைக் கையால் சுற்றிவிட்டுக் கரண்ட் வரும் என்று காத்திருப்பதும் ஒன்றுதான். இதை நான் அந்த ஏரிக்கரைச் சரிவில், வண்டி உருள ஆரம்பித்த பிறகு தெரிந்துகொண்டேன். ஆனால் உருள்வதற்கு அதற்கு எந்தத் தடையும் இல்லை. அடியில் இருந்த பெரியவர் நல்ல கனம். தள்ளியவர்கள் கையை எடுத்த பிறகும் போய்க்கொண்டிருந்தது. அவர்கள் பின்னால் ஓடி வந்தார்கள்.

முன்னால் மேளக்காரர்கள் நடுரோட்டில் அடித்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்கள். வண்டிக்குத்தான் சத்தமே கிடையாதே. ஹாரனை அழுத்தினேன். அதுவும் அந்தச் சின்ன பேட்டரியின் ஆள். ஒலிக்கவில்லை. வேறு வழியில்லை. கண்ணாடிக்கு வெளியே தலையை நீட்டினேன்.

"ஓரம் போங்க! ஓரம் போங்கப்பா! ஓரம்!"

என் வாழ்நாளில் நான் அவ்வளவு சத்தமாகப் பேசியதில்லை. எனக்கு அப்படி ஒரு குரல் இருப்பது மல்லிகாவுக்கே அன்றுதான் தெரிந்ததாம். மேளக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஓரம் போகவில்லை. ஓடினார்கள். ஓடும்போதும் மேளத்தை நிறுத்தவில்லை, தொழில் சுத்தம். அவர்கள் ஓட ஓட அடி வேகமாகியது. அடி வேகமாக வேகமாக நான் கத்தினேன். டிக்கிக்குள்ளிருந்து மாமனார், "மெதுவா மாப்ள, மாலை நசுங்குது" என்றார்.

டிராக்டர் ஓட்டிய கால் என்னைக் கைவிடவில்லை. இரண்டு காலையும் பிரேக்கில் ஊன்றி ஏறி நின்றேன். வண்டி பந்தல் காலுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது.

ஒப்பாரி நின்றுவிட்டது. மேளமும் நின்றது. பந்தலில் இருந்த அத்தனை பேரும் எழுந்து நின்று பார்த்தார்கள். பாலு ஓடிவந்து கதவைத் திறந்து, உள்ளே கையை விட்டு வேட்டியை விடுவித்தான். மாமனார் பின்பக்கமாகவே வெளியே வந்தார். முதலில் கால்கள், பிறகு இடுப்பு, கடைசியாகத் தலைக்கு மேல் தூக்கிய ஒரு கையில் தாம்பாளம். உடம்பு முழுக்க வெள்ளைத் தூள். ஆனால் தாம்பாளத்திலிருந்து ஒரு குங்குமப் பொட்டலம்கூட விழவில்லை.

அவர் நேராகத் தங்கையிடம் போனார். அரக்குச் சேலையைப் பிரித்துப் போர்த்தினார். நுனியை இழுத்துவிட்டு மடிப்பைச் சரிசெய்தார். அப்போதுதான் அவர் குரல் உடைந்தது.

"வந்துட்டேன் ஆயி. இந்தத் தடவையும் லேட்டாயிடுச்சு."

நான் கார் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என்னைப் பார்க்காமல் இருந்த ஒரே ஆள் அவர்தான். அதுதான் எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது.

அந்த ஊரில் பட்டம்மா என்று ஒரு பெண்மணி. ஒப்பாரி வைப்பதில் பேர் போனவர். கண்ணால் பார்த்ததை அப்படியே பாட்டில் கட்டிவிடுவார். அவர் மாமனாரைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், மூச்சை இழுத்துவிட்டு எடுத்தார்.

"அரக்குச் சேலை கொண்டுகிட்டு - ஏ ஆத்தா
அண்ணன் வரும் சீரப் பாரு
அஞ்சாறு பேரு தள்ளி - ஏ ஆத்தா
அசைஞ்சு வரும் காரப் பாரு"

யாரோ ஒருத்தி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். பக்கத்தில் இருந்தவளின் தோள் குலுங்கியது. மாமனார் தங்கையின் காலடியில் குனிந்து உட்கார்ந்திருந்தார். அவர் முதுகும் குலுங்கியது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. நிமிர்ந்தபோது கண்ணில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. "பாத்தியா ஆயி, நேரத்தோட வான்னியே. பஸ்ல வந்திருந்தா நேரத்துக்கு வந்திருப்பேன்" என்றார் தங்கையிடம். அவர் தங்கையோடு பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

வெளிச்சம் இருக்கும்போதே தூக்கிவிட்டார்கள்.

காடு போய்த் திரும்பியதும் மல்லிகா சிங்கப்பூருக்குப் போன் போட்டு என் கையில் கொடுத்தாள். "இப்பவாச்சும் வாயத் தொறந்து சொல்லுங்க" என்றாள். சொன்னேன். வாசலில் மாமனார், பாலு, ராசேந்திரன் எல்லாரும் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். ஸ்பீக்கரை எப்படி அணைப்பது என்று எனக்குத் தெரியாது.

"அடடா, மாமா! அந்த மஞ்ச லைட்டு முன்னாடி இருக்கற சின்ன பேட்டரிக்கு. அதுக்கு வயசாயிடுச்சு. கதவு, டிக்கி, ஹாரன் எல்லாம் அதுல ஓடறது. மாத்தினா முடிஞ்சுது. பெரிய பேட்டரி நல்லாத்தான் இருக்கு மாமா. நீங்க தாராளமா ஏசி போட்டிருக்கலாம்."

மாமனார் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார்.

"ஏசி போட்டிருக்கலாமா?" என்றார்.

கல்யாணத்திலிருந்து அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி.

மறுநாள் அரியலூரிலிருந்து ஆள் வந்து சின்ன பேட்டரியையும் கிளாம்பையும் மாற்றிக் கொடுத்தார். மஞ்சள் விளக்கு அதற்குப் பிறகு வரவில்லை. நான் வெந்நீர் ஊற்றித் துடைத்தபோது விளக்கு மறைந்ததே, அப்போதே நோயாளி யார் என்று எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்ததை நம்புவதற்கும் கொஞ்சம் தைரியம் வேண்டும் போலிருக்கிறது.

கருமாதிக்குப் போனபோது பட்டம்மா பாட்டு அந்த ஊர் எல்லையைத் தாண்டியிருந்தது. இப்போது எங்கள் சொந்தத்தில் எந்த விசேஷத்துக்கு நான் காரில் போய் இறங்கினாலும், "அண்ணே, எறக்கமாப் பாத்து நிறுத்துங்க" என்று யாராவது சொல்வார்கள். தன் வீட்டில் கரண்ட் போய் மின்விசிறி நின்றால் பாலு போனில் கூப்பிட்டு, "பேட்டரிக்கு ஒடம்பு எப்புடி இருக்கு மச்சான்?" என்பான். மல்லிகா கோபம் வந்தால், "ஏரிக்கரையில கத்துன வாய்தானே இது?" என்பாள்.

மாமனார் மட்டும் எதுவும் சொல்வதில்லை. அவர் அதே காரில்தான் என்னோடு வருகிறார். முன் சீட்டில் ஏறி உட்கார்ந்ததும் நான் கேட்காமலே ஏசியைப் போட்டுவிடுவேன். சென்ற மாதம் அரும்பாவூரிலிருந்து கிளம்பும்போது, மகளுக்கென்று தோட்டத்தில் விளைந்த ஒரு பெரிய பூசணிக்காயைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதை மடியில் வைத்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

"டிக்கியில வெச்சிடவா மாமா?" என்றேன்.

அவர் பூசணிக்காயை இரண்டு கைகளாலும் இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"இருக்கட்டும் மாப்ள. நீங்க ஓட்டுங்க."